கல்யாணத்துக்குப் போகிற வேன்

பிரேக் லைனிங் கருகும் வாசனை முதலில் மூக்கில் படாது. தொண்டையில் படும். ஈயச்சட்டி அடிப்பிடித்த மாதிரி, அதற்குள் கொஞ்சம் பழைய ரப்பர் மாதிரி. சென்ற வாரம் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு வெளியே பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வளைந்து வந்து நின்றது. தொண்டை கமறியது. "முன்பக்கம் இடது சக்கரம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. கை, பையில் பேனாவைத் துழாவியது.

"என்னக்கா, வீலா? பூ எத்தன மொழம்னு சொல்லுங்க" என்றாள் பூக்காரி.

விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தும் உடம்பு இன்னும் வேலையில்தான் இருக்கிறது. மக்கள் எங்களை பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். காகிதத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர். இந்தப் பக்கத்தில் எனக்குப் பெயர் 'பிரேக்கம்மா'.

அன்று சாயங்காலமே எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த கார்த்திகா போன் செய்தாள். எங்கள் ஆய்வாளர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். கூடவே இன்னொன்றும் கேட்டாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பர்மிட்டே வேண்டாம்னு பேசிட்டுத் திரியுதீங்களாமே? அரசாங்கம் ஒதுங்கி நிக்கணும்னு சொல்லுதீங்களாம். இருபத்தஞ்சு வருஷம் பர்மிட் பாத்த ஆளு நீங்க. யாரும் புஸ்தகம் குடுத்துக் கெடுத்துட்டாங்களா?"

புத்தகம் எதுவும் கெடுக்கவில்லை, கார்த்திகா. ஒரு கல்யாணப் பத்திரிகைதான் கெடுத்தது. அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

படிப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அரசு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு ஒரு பட்டறையில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பஸ் ஓட்டிக் காட்டி கனரக லைசென்ஸ் வாங்கினேன். பரீட்சை, நேர்முகம், நியமனம். என்னைப் படிக்க வைத்ததும் அரசாங்கம், சோறு போட்டதும் அரசாங்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு சண்டைக்கு வருகிற எல்லோரும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது பிரேக் சோதனை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்போம். வண்டி குறித்த வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் டிரைவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். நான் டேப்பை வைத்து அளப்பேன். பிறகு குனிந்து தரையைப் பார்ப்பேன். டயர்த் தடம் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பாக இருந்தால் வண்டி நேராக நிற்கிறது. ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் வெளிறி இருந்தால் இழுக்கிறது. வெறும் உள்ளங்கையை வீல் டிரம்மின் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு சொல்லிவிடும். அங்கே மந்திரி வண்டி, மாட்டுத்தீவன வண்டி என்ற பேதம் கிடையாது. தரை பொய் சொல்லாது. வண்டி நிற்கும், அல்லது நிற்காது. இதைவிடச் சுத்தமான வேலை உலகத்தில் இல்லை என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

இனி ஆவுடையப்பன் சார். சங்கரன்கோவிலுக்கு நான் மாற்றலாகி வந்தபோது அவர்தான் எனக்கு மேலதிகாரி. காலை ஒன்பதே முக்காலுக்கு வருவார். கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில், சொந்த ஃபிளாஸ்க். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வாங்கி வைக்கும் டீயைத் தொடமாட்டார். விதிப்புத்தகத்துக்கு மாதக் காலண்டர் தாளைத் திருப்பி அட்டை போட்டிருப்பார். அந்த அட்டை அழுக்கானால் புது மாதம் பிறக்கும். பச்சை மை. ஸ்கேல் வைத்துத்தான் அடிக்கோடு. வயதானவர் யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். சைக்கிள் கடைக்காரரானாலும் "உக்காருங்க அண்ணாச்சி" என்பார். உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு, புத்தகத்தைப் புரட்டி, முடியாது என்பார். அவர் முடியாது என்று சொன்னால் வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அப்படி ஒரு குரல் அவருக்கு.

கை நீட்டுகிற அதிகாரிகளிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன். இங்கே அதைப் பற்றி எழுதப்போவதில்லை. அவர்களைப் பார்த்து என் எண்ணம் மாறியிருந்தால், நல்ல ஆளைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன். எனக்கு வாய்த்தது நல்ல ஆள். துறையிலேயே நேர்மையான ஆள். அதனால்தான் இந்த விஷயம் எனக்கு விளங்கியது.

மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு கரிசல் ஊர். ஊரின் பெயர் வேண்டாம். அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு அட்டவணைப்படி காலையில் மூன்று வண்டி. ஆறு பத்துக்கு அரசு பஸ். பால் கேனும் காய்கறிக் கூடையுமாக நிரம்பி வந்து, பாதி நாள் நிற்காமல் போய்விடும். ஏழு ஐந்துக்கு ஒரு தனியார் மினிபஸ். முதலாளிக்கு வேறு பக்கம் நல்ல சவாரி கிடைத்தால் அன்று வராது. பிறகு எட்டு நாற்பது. இவ்வளவுதான். தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள் எட்டு மணிக்குள் மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். இரண்டு தடவை தாமதமாகப் போனால் மூன்றாவது தடவை மெஷினில் வேறு ஆள் இருப்பாள்.

அந்த ஊரில் சுடலைமுத்து என்று ஒருவர் வெள்ளை வேன் வைத்திருந்தார். வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி. காலை ஏழு மணிக்கு ஒன்பது பெண்களை ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில் போவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். ஆளுக்கு ஏதோ கொடுப்பார்கள். சட்டப்படி அது குற்றம். வாடகைக்கு ஆள் ஏற்ற பர்மிட் வேண்டும்.

மினிபஸ்காரர் எங்கள் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். சார் பச்சை மையில் 'ஆய்வு செய்க' என்று எழுதி என்னிடம் தந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழேகாலுக்கு, ரோடு வளைகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திக் கையைக் காட்டினேன். வேன் ஒழுங்காக ஓரங்கட்டி நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, ஒரு கல்யாணப் பத்திரிகை சாத்தி வைத்திருந்தது. மஞ்சள் தடவிய மூலை. நான் கேட்பதற்கு முன்பே சுடலைமுத்து ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் சொந்தக்காரவ மேடம். கல்யாணத்துக்குப் போறோம்."

அந்தப் பக்கத்து வேன்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம் என்று எனக்குத் தெரியும். சொந்த வண்டியில் சொந்தக்காரர்களைச் சும்மா ஏற்றிப்போகலாம். சட்டத்தில் தடை இல்லை. ஆகவே எந்த வேனிலும் ஒரு பத்திரிகை இருக்கும். ஊரில் கல்யாணம் முடிந்ததும் மிச்சப் பத்திரிகையை வேன்காரர்கள் வந்து வாங்கிப்போவார்களாம். சுடலைமுத்து வைத்திருந்த பத்திரிகையில் முகூர்த்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பக்கக் கதவைத் திறந்தேன். ஒன்பது பேர். மடியில் தூக்குச்சட்டி.

"கல்யாணத்துக்கு எதுக்குத் தூக்குச்சட்டி?"

"அந்த வீட்டுச் சாப்பாடு உப்புக் கரிக்கும் மேடம்" என்றாள் செல்வி என்ற பெண், இமைக்காமல்.

"கழுத்துல அளவு டேப் கெடக்கு?"

"பொண்ணுக்கு ரவிக்க இறுக்கமா இருக்காம். பிரிச்சுத் தைக்கணும்."

வேனே குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விசாரிக்கும் முறை என்று ஒன்று உண்டு. ஆட்களைத் தனித்தனியாக இறக்கி, ஒருவர் பதில் இன்னொருவர் காதில் விழாதபடி, ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். ஒவ்வொருத்தியாக வேனுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

"பொண்ணு பேரு என்ன?"

"மாரியம்மா."

"பொண்ணு பேரு என்ன?"

"கோமதி."

"செல்லமாத்தான் கூப்புடுவோம் மேடம். நெசப் பேரு மறந்துபோச்சு."

"நாங்க மாப்ள வீடு."

"சரி, மாப்பிள்ளை பேரு?"

"எங்க வீட்டுல ஆம்பளையோ பேரச் சொல்ல மாட்டோம்."

இப்படி எட்டுப் பேர். எட்டுப் பேரும் பொய் சொன்னார்கள். ஆனால் ஒருத்திகூடப் பணம் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. பெண்ணின் பெயர் தெரியாததை வைத்து வழக்கு எழுத முடியாது. பணம் கொடுத்துப் பயணம் செய்ததாக ஒரு வாக்குமூலம் வேண்டும். அது இல்லாவிட்டால் எச்சரித்து அனுப்பிவிடலாம். பல இன்ஸ்பெக்டர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஒன்பதாவது ஆளை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஐம்பதை நெருங்கிய பெண். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை, பூ வைக்காத தலை, பொட்டில்லாத நெற்றி. கைப்பையிலிருந்து பைபிளின் சிவந்த ஓரம் தெரிந்தது. மற்றவர்கள் சிரித்தபோது இவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். இந்த முகத்தை எனக்குத் தெரியும். இதற்குப் பொய் சொல்ல வராது.

அதைத் தெரிந்துதான் கேட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"உங்க பேரு?"

"எஸ்தர். சங்கரன்கோவில்ல நர்சரி ஸ்கூல்ல டீச்சர்."

"எங்க போறீங்க டீச்சர்?"

"ஸ்கூலுக்கு."

"வேனுக்குக் காசு குடுக்கீங்களா?"

அவர் வேனைப் பார்த்தார். கண்ணாடி வழியாக எட்டு முகங்கள் எங்களைப் பார்த்தன. வாய் அசைந்து அடங்கியது.

"குடுக்கேன்" என்றார். பிறகு, "நீங்க கேக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

வழக்குக்கான செக் ரிப்போர்ட்டை மூன்று பிரதி எழுதினேன். வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். எண் வெள்ளி மாதிரி எழும்பி வந்தது. பழக்கதோஷத்தில், வேனை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் முன் பிரேக்கையும் பார்த்தேன். ரோட்டில் விழுந்த தடம் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. புது லைனிங்.

"பொம்பளப் புள்ளையோ ஏறுத வண்டில்லா மேடம்" என்றார் சுடலைமுத்து. "மாசாமாசம் பாப்பேன்."

பெண்கள் இறங்கி நடந்தார்கள். செல்வி மட்டும் திரும்பி, "ஏ டீச்சர், ஒரு மாரியம்மான்னு சொல்லியிருந்தா ஒங்க நாக்கு அழுகிப்போயிருமா?" என்று கத்தினாள். எஸ்தர் டீச்சர் அவர்களுக்கு இருபதடி பின்னால் தனியாக நடந்தார்.

அதே வாரம் அந்த மினிபஸ் தகுதிச் சான்றுக்கு மைதானத்துக்கு வந்தது. கோட்டைத் தாண்டி ஓடி, இடது பக்கம் இழுத்து, கருகிய நாற்றத்தோடு நின்றது. நிறுத்திவைக்க வேண்டும் என்று எழுதினேன். சார் கூப்பிட்டார்.

"ஏழு நாள் அவகாசம் குடுத்துருவோம்மா. பர்மிட் உள்ள வண்டி. நிப்பாட்டினா பொதுமக்களுக்குச் சிரமம்."

"சார், பிரேக் நல்லா இருக்கிற வேன நம்ம காம்பவுண்ட்ல நிப்பாட்டி வச்சிருக்கோம். பிரேக் இல்லாத பஸ்ஸ ரோட்டுக்கு அனுப்புதோம்."

அவர் கோபப்படவில்லை. ஃபிளாஸ்க் மூடியில் சுக்குக் காபி ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"நீங்க சொல்லுதது சரிதான். ஆனா இன்னொண்ணும் யோசிங்க. அந்த வேன் ஒருநாள் கவுந்துட்டுதுன்னு வைங்க. சொந்த உபயோக வண்டில காசு குடுத்து ஏறுனவங்களுக்கு இன்சூரன்ஸ் கெடையாது. கம்பெனிக்காரன் கைய விரிச்சுருவான். ஒம்பது வீட்டு வாசல்ல போய் நின்னு நீங்க என்ன சொல்லுவீங்க?"

இது நல்ல வாதம். இன்றைக்கும் யாராவது என்னை மடக்க நினைத்தால் இதைச் சொல்லுங்கள். அன்று சுக்குக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்:

"அப்ப அந்த வேனுக்குப் பயணிகள் இன்சூரன்ஸ் எடுக்க விடலாமே சார்?"

"அதுக்குப் பர்மிட் வேணும்."

"பர்மிட் குடுக்கலாமே?"

"மனு போடச் சொல்லுங்க" என்றார். உண்மையாகவே சொன்னார். உதவ நினைத்துத்தான் சொன்னார்.

எஸ்தர் டீச்சர் பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். தன் வாக்குமூலத்தின் நகல் கேட்டார்.

"எதுக்கு டீச்சர்?"

"ஊருல யாரும் எங்கூடப் பேச மாட்டேங்காங்க. நானா போய் காட்டிக் குடுத்தேன்னு சொல்லுதாங்க. நீங்க கேட்டீங்க, நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான்னு எழுத்துல இருந்தா கொண்டுபோய்க் காட்டுவேன். செல்விக்கு வேல போயிட்டு. ரெண்டு நாள் லேட்டாம். இன்னும் ரெண்டு பேரு நின்னுட்டாங்க."

எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. மனுவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வாரமே கொண்டுவந்தார். அச்சு மாதிரிக் கையெழுத்து, ஒன்பது பெண்களின் ஒப்பம். அவரோடு பேசாதவர்களும் போட்டிருந்தார்கள். வண்டியை மஞ்சள் போர்டுக்கு மாற்றவும், வரி கட்டவும், இன்சூரன்ஸ் எடுக்கவும் சுடலைமுத்து சம்மதித்து எழுதியிருந்தார். ஆள் ஏற்றி இறக்க அந்த வழியில் அனுமதி வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

பதில் வந்தது, மேலிடத்திலிருந்து. 'மேற்படி வழித்தடத்தில் போதிய பேருந்து வசதி உள்ளது.' அட்டவணையின் நகலை இணைத்திருந்தார்கள். ஆறு பத்து, ஏழு ஐந்து, எட்டு நாற்பது. தாளில் ஏழு ஐந்து வண்டி தினமும் வந்துகொண்டிருந்தது.

சாரிடம் எடுத்துப்போனேன். "போதியன்னு எழுதியிருக்காங்களே சார். யாருக்குப் போதியது? காலைல ஏழு மணிக்கு அந்த ரோட்டுல யாராவது போய் நின்னு பாத்தாங்களா?"

"ரோட்டப் பாக்க முடியாதும்மா" என்றார். "ஃபைலத்தான் பாக்க முடியும்."

அவர் அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, திமிராகவும் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது அந்த நிமிஷம்தான். மனிதர் நல்லவர், மேசை நல்ல மேசை, விதியும் யாரோ நல்லது நினைத்து எழுதிய விதிதான். ஆனாலும் ஒன்பது பெண்களும் ஒரு வேன்காரரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட ஒரு காரியம், யாருக்கும் கெடுதல் செய்யாத காரியம், எங்கள் கூரைக்குக் கீழே வந்ததும் இல்லாமல் போய்விட்டது. ரோட்டில் நிற்பவர்களுக்குத் தெரிந்தது மேசைக்குத் தெரியாது. மேசை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தெரியாது.

அதற்குப் பிறகு கண் வேறுமாதிரிப் பார்க்கத் தொடங்கியது. முன்பு ஒரு தாளைப் பார்த்தால் அது சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு, இந்தத் தாள் எதற்கு என்று கேட்கத் தொடங்கினேன். எலுமிச்சை மூட்டையோடு புளியங்குடியிலிருந்து வருகிற சின்ன வண்டியை மறிக்கும்போது கேட்டேன். இடுப்பு ஒடிந்த மாமியாரைப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டுக் கூலி கொடுத்த மருமகளிடம் விசாரிக்கும்போது கேட்டேன். சில தாள்களுக்குப் பதில் இருந்தது. பிரேக் சான்றுக்கு இருந்தது. குடித்துவிட்டு ஓட்டியவனைப் பிடித்த தாளுக்கு இருந்தது. அந்தத் தாள்களுக்காக இன்றைக்கும் வெயிலில் நிற்பேன். மற்ற பல தாள்கள் யாரோ ஒருவரின் இடத்தை இன்னொருவர் நெருங்காதபடி காவல் காத்தன. இத்தனை வருஷம் அந்தக் காவலாளி நான்தான்.

எனக்குக் கட்சி கிடையாது. ஓட்டுப்போடும் நாளில்கூடக் குழம்பித்தான் நிற்கிறேன். டீக்கடையில் ஒருவர், "அப்பம் எல்லாத்தையும் முதலாளிமாருக்கு எழுதிக் குடுத்துருவோமாக்கா?" என்று குத்துகிறார். மினிபஸ்காரரும் முதலாளிதான் அண்ணாச்சி, அவருக்காகத்தானே நாங்கள் வேனைப் பிடித்தோம் என்று சொன்னால், டீயை வேகமாகக் குடிக்கிறார். எனக்குப் படிப்புக் கொடுத்த அரசாங்கத்தை நான் மறக்கவில்லை. அந்தக் கை கொடுக்கும்போது நன்றாக இருக்கிறது. மறிக்கும்போது, யாரை மறிக்கிறோம் என்று அதற்குத் தெரிவதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்.

வேன் விடுவிக்கப்பட்டது. சுடலைமுத்து வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போவதையும் குறைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து மறுபடியும் அதே புகார். மறுபடியும் பச்சை மை. 'ஆய்வு செய்க.'

அதே வளைவு, காலை ஏழேகால். வேன் வந்தது. கண்ணாடிக்குக் கீழே இந்தத் தடவை காதுகுத்துப் பத்திரிகை. சுடலைமுத்து என்னைப் பார்த்ததும் இஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். உள்ளே எட்டுப் பேர். செல்வியும் இருந்தாள், வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"புள்ள பேரு என்ன?" என்று கேட்டேன்.

"சண்முகப்பிரியா!" எட்டுப் பேரும் ஒரே குரலில். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"எந்தக் கோயில்ல?"

"சாத்தா கோயில்ல!"

"தாய்மாமன் யாரு?"

"இவருதான்!" எட்டு விரல்கள் சுடலைமுத்துவை நோக்கி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நன்றாகப் பாடம் செய்திருந்தார்கள். இந்த வண்டியில் வழக்கு எழுத இனி ஆள் கிடையாது. நான் சிரித்தேன், செல்வியும் கொஞ்சம் சிரித்தாள். அப்போதுதான் ஒன்பதாவது இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். நடு ஜன்னல். அதில் ஒரு தூக்குச்சட்டிகூட வைக்காமல் விட்டிருந்தார்கள்.

"டீச்சர் எங்க?"

செல்விதான் கடைசியில் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"அவங்க ஏற மாட்டாங்க மேடம். நாங்க போய்க் கூப்புட்டோம். சண்டையெல்லாம் தீந்துபோச்சு. 'நான் ஏறுனா, கேட்டா நெசத்தத்தான் சொல்லுவேன். நான் ஏறாட்டா வண்டி ஓடும். நீங்க போங்க மக்கா'ன்னுட்டாங்க. தெனமும் மெயின்ரோடு வரைக்கும் நடந்து பஸ் பிடிக்காங்க. இந்நேரம் பின்னால வந்துட்டு இருப்பாங்க."

வேனைப் போகச் சொன்னேன். ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்து அறிக்கை எழுதினேன். 'விசாரித்ததில் பயணிகள் அனைவரும் உறவினர்கள் எனத் தெரியவந்தது.' என் கையெழுத்தில், அரசாங்கத் தாளில், நான் அறிந்து எழுதிய முதல் பொய். எழுதி முடித்ததும் ஒன்று புரிந்தது: இனி இந்த வேலையில் நீண்டநாள் இருக்க முடியாது. அடுத்த மாதம் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆவுடையப்பன் சார் காரணம் கேட்டார். சொன்னேன். அடிக்கோடு போடுகிற ஸ்கேலை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை மையில் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார். மறுநாள் எனக்காக இன்னொரு ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது, அறிக்கை எழுதிய அந்தக் காலையைப் பற்றி. தாளை மடித்துப் பைக்குள் வைத்தபோது ரோட்டின் அந்த முனையில் குடை தெரிந்தது. எஸ்தர் டீச்சர் வந்துகொண்டிருந்தார். செருப்பெல்லாம் கரிசல் புழுதி. என்னைப் பார்த்ததும் நடை தயங்கியது. பிறகு நேராக வந்தார்.

"வண்டி போயிட்டா?" என்றார் முதலில்.

"போயிட்டு டீச்சர். ஒண்ணும் எழுதல."

"நல்லது. செல்விக்கு இன்னிக்கு லேட்டாகக் கூடாது. புது எடம்லா."

ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன். "ஏறுங்க. நான் சங்கரன்கோவில்தான் போறேன். ஸ்கூல் வாசல்லயே எறக்கி விடுதேன்."

அவர் ஜீப்பைப் பார்த்தார். பக்கவாட்டில் எழுதியிருந்த துறையின் பெயரைப் படித்தார், எழுத்து எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படித்துக்காட்டுவது போல.

"இது கவர்மென்ட் வண்டில்லா. வெளியாள ஏத்தலாமா?"

ஜீப் டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடாது" என்றேன்.

டீச்சர் குடையை மறு கைக்கு மாற்றினார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப வேண்டாம். யாராவது கேட்டா நான் ஒங்களயும் காட்டிக் குடுத்துருவேன். நீங்க போங்கம்மா, எனக்கு இன்னும் கொஞ்ச தூரந்தான்."